எத்தனை நிமிடம் உறங்கினாள்? குழந்தைகளுக்கு மயக்க மருந்து தரும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மயக்கவியல் மருத்துவர்களுக்கும், அவர்களோடு ஒரே மேசையைச் சுற்றி நிற்கும் அறுவை மருத்துவர்களுக்கும், வணக்கம்.

என் மகள் உதட்டிலும் அண்ணத்திலும் பிளவோடு பிறந்தவள். 4 மாதத்தில் உதட்டைத் தைத்தீர்கள். 11 மாதத்தில் அண்ணத்தை மூடினீர்கள். 26 மாதத்தில் இரண்டு காதுகளிலும் சின்னக் குழாய் வைத்தீர்கள். மூன்று தடவையும் தியேட்டர் கதவு வரை அவளைத் தூக்கி வந்தது நான்தான். இப்போது அவளுக்கு 7 வயது. குடித்த பால் மூக்கு வழியாக வந்த குழந்தை, இன்று மடமடவென்று தண்ணீர் குடிக்கிறாள், ஓயாமல் பேசுகிறாள். உங்கள் கைகள் இல்லாமல் இது நடந்திருக்காது. அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு. அந்த நன்றியோடுதான் இதையும் கேட்கிறேன்.

அவளுடைய ஃபைலை இப்போதுகூட எடுத்துப் பார்த்தேன். உதடு தைத்த நூல் என்ன வகை என்று இருக்கிறது. வீட்டில் தர வேண்டிய மருந்து எத்தனை மில்லி, எத்தனை நாள் என்று இருக்கிறது. தையலில் விரல் படாமல் இருக்க முழங்கைக்குப் பட்டை கட்ட வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறது. மயக்கத்தைப் பற்றி இருப்பது ஒரே வரிதான்: பொது மயக்கத்தில் செய்யப்பட்டது. எந்த மருந்து, எத்தனை நிமிடம் என்று எதுவும் இல்லை. முதல் இரண்டு டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இதே கதை. அது எழுதப்பட வேண்டிய விஷயம் என்று அப்போது எனக்கும் தெரியாது.

தெரிய வந்தது ஓர் இரவில். குழந்தைக்கு 15 மாதம். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது, குழாய் வைக்க வேண்டும், அதற்கும் முழு மயக்கம் தேவைப்படும் என்று காது மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் தூங்கிய பிறகு போனை எடுத்துத் தேட ஆரம்பித்தேன். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016 டிசம்பர் 14 அன்று வெளியிட்ட எச்சரிக்கை கண்ணில் பட்டது. 3 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கோ, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் பெண்களுக்கோ, பொது மயக்க மருந்துகளையும் தூக்க மருந்துகளையும் திரும்பத் திரும்பக் கொடுத்தாலோ, 3 மணி நேரத்துக்கு மேல் கொடுத்தாலோ, குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்றது அது. 11 மருந்துகளின் பெயர்கள் அதில் இருந்தன. செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன், புரோபோஃபால், கெட்டமைன், மிடசோலாம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நீங்கள் தினமும் கையாளும் மருந்துகள்.

நான் விரல் விட்டு எண்ணினேன். உதடு ஒன்று, அண்ணம் இரண்டு, காது மூன்று. 'திரும்பத் திரும்ப' என்ற சொல் என் குழந்தையைத்தான் குறிக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். காது மருத்துவருக்குப் போன் செய்து, 3 வயது முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவர் சரி என்றார். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அண்ணப் பிளவுள்ள குழந்தைகளுக்கு ஏன் காதில் நீர் கோக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதை வாசிக்கும் மற்ற பெற்றோருக்காகச் சொல்கிறேன். காதுக்கும் தொண்டைக்கும் நடுவே ஒரு குழல் இருக்கிறது. விழுங்கும்போதெல்லாம் அதைத் திறந்துவிடுவது அண்ணத்துத் தசை. பிளவுள்ள குழந்தைக்கு அந்தத் தசை சரியாக இழுக்காது. குழல் திறக்காமல் போக, நடுக்காதில் பசை மாதிரி நீர் சேர்ந்துவிடுகிறது. தலையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு வெளியே பேசுவதைக் கேட்பது போலத்தான் அந்தக் குழந்தைக்கு உலகம் கேட்கும். பேச்சு முளைக்கிற காலத்தில் 11 மாதம் என் மகள் அப்படித்தான் இருந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. 2 வயதில் அவளிடம் இருந்தவை நாலைந்து சொற்கள், அவையும் பாதி வடிவத்தில். மூளைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்று நான் பூட்டிய கதவு, அதே மூளைக்கு வர வேண்டிய ஓசையை நிறுத்தி வைத்திருந்தது.

அந்த 11 மாதத்தை நான் யாருடைய தலையிலும் கட்டவில்லை. முடிவு எடுத்தது நான். ஆனால் இருட்டில் எடுத்தேன்.

அதை மாற்றியவர் உங்களில் ஒருவர். பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில் சொல்லி அனுப்ப, குழந்தைகளுக்கு மட்டுமே மயக்கம் கொடுக்கும் ஒரு மருத்துவரைப் பார்க்கப் போனேன். ஆபரேஷன் தேதி எதுவும் குறிக்காமல், சும்மா பேசுவதற்காக மட்டும். என் போனில் சேமித்து வைத்திருந்ததையெல்லாம் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அம்மா, நீங்க எத்தனை தடவைன்னு மட்டும் எண்றீங்க. எவ்வளவு நேரம்னும் எண்ணுங்க. காதுக் குழாய் வைக்கிறது பத்துப் பதினைஞ்சு நிமிஷ வேலை." பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து 20 நிமிடம் எனக்குப் பாடம் நடத்தினார். அந்தத் தாள் இன்னும் ஃபைலில் இருக்கிறது.

பயம் எங்கிருந்து தொடங்கியது என்பதிலிருந்து ஆரம்பித்தார். நரம்பணுக்களில் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் வாசல்களை ஏற்பிகள் என்பார்கள். மயக்க மருந்துகளில் பெரும்பாலானவை, நரம்பணுவை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளைத் தூண்டுகின்றன, அல்லது அதைக் கிளப்பிவிடும் என்எம்டிஏ ஏற்பிகளை அடைக்கின்றன. வளர்ந்த மூளையில் மருந்தின் வீரியம் இறங்கியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆனால் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று கை கோத்து இணைப்புகளை உண்டாக்கிக்கொண்டிருக்கும் பருவத்தில், சமிக்ஞை வராத நரம்பணு தன்னைத் தேவையற்றது என்று எடுத்துக்கொண்டு தானாகவே மடிந்துவிடக்கூடும். என்எம்டிஏ ஏற்பியை அடைத்தால் பிறந்த எலிக்குட்டியின் மூளையில் இது நடக்கிறது என்று 1999-இல் ஓர் ஆய்வு காட்டியது. 2003-இல் 7 நாள் வயதான எலிக்குட்டிகளுக்கு மிடசோலாம், நைட்ரஸ் ஆக்சைடு, ஐசோஃப்ளூரேன் மூன்றையும் சேர்த்து 6 மணி நேரம் கொடுத்துப் பார்த்தார்கள். மூளையின் பல பகுதிகளில் செல்கள் மடிந்தன. அந்த எலிகள் வளர்ந்த பிறகும் கற்பதில் பின்தங்கின. குரங்குக் குட்டிகளுக்கு 24 மணி நேரம் கெட்டமைன் செலுத்திய ஆய்விலும் கற்றலில் நீடித்த குறை தெரிந்தது.

ஆக, பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதை அவர் மறைக்கவில்லை. இதுவே எனக்குப் பாதி ஆறுதல். ஆனால் எலிக்குட்டியின் மூளை சில வாரங்களில் கட்டி முடிக்கிற வேலையை, மனிதக் குழந்தையின் மூளை ஆண்டுக் கணக்கில் செய்கிறது என்றார். எலியின் 6 மணி நேரத்தை அப்படியே தூக்கிக் குழந்தையின் 1 மணி நேரத்தின் மேல் வைக்க முடியாது.

அப்புறம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளுக்கு வந்தார். குடலிறக்க ஆபரேஷன் தேவைப்பட்ட 722 கைக்குழந்தைகள், 7 நாடுகள், 28 மருத்துவமனைகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு செவோஃப்ளூரேன் கொடுத்து முழு மயக்கம். மீதிப் பேரை விழித்திருக்கவே விட்டு, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். முழு மயக்கத்தின் நேரம் நடுத்தரமாக 54 நிமிடம். 5 வயதில் அறிவுத்திறனைச் சோதித்தபோது இரு பக்கமும் சராசரி 99-ஐ ஒட்டியே இருந்தது. காஸ் ஆய்வு என்று நீங்கள் சொல்வது இதைத்தான். 2019-இல் முழு முடிவு வந்தது. அதற்கு முன்பே, 2016-இல், பாண்டா ஆய்வு வந்திருந்தது. 3 வயதுக்குள் ஒரு முறை மயக்கம் பெற்ற குழந்தையை, பெறாத அதன் உடன்பிறப்போடு வைத்துப் பார்த்த ஆய்வு. ஒரே வீடு, ஒரே பெற்றோர், 105 ஜோடிகள். அதிலும் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை.

இவை ஒரே ஒரு முறை, குறைந்த நேரம் மயக்கம் பெற்ற குழந்தைகளைப் பற்றியவை. என் மகள் அந்தக் கூட்டத்தில் இல்லை என்று நான் சொன்னேன். ஆமாம் என்றார். 2018-இல் வந்த மாஸ்க் ஆய்வைப் பற்றி எழுதிக் காட்டினார். 3 வயதுக்குள் மயக்கமே பெறாதவர்கள், ஒரு முறை பெற்றவர்கள், பல முறை பெற்றவர்கள் என்று மொத்தம் 997 பேர். பல முறை பெற்றவர்களுக்கும் அறிவுத்திறன் மதிப்பெண் குறையவில்லை. ஆனால் தகவலைக் கையாளும் வேகமும் கைவிரல்களின் நுண்ணிய இயக்கமும் கொஞ்சம் குறைந்திருந்தன. நடத்தையிலும் வாசிப்பிலும் சிரமம் இருப்பதாகப் பெற்றோர் கூடுதலாகச் சொன்னார்கள். அது மருந்தால் வந்ததா, அத்தனை ஆபரேஷன் தேவைப்படும் அளவுக்கு இருந்த நோயால் வந்ததா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

இதைக் கேட்டு நான் உடைந்து போகவில்லை. நம்புங்கள், தெரியாமல் படுத்த இரவுகளை விடத் தெரிந்துகொண்ட அந்த இரவில்தான் நன்றாகத் தூங்கினேன். எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பென்சில் பிடிப்பதைக் கவனிக்கலாம். பட்டன் போடுவதைக் கவனிக்கலாம். சிரமம் தெரிந்தால் சீக்கிரமே பயிற்சிக்கு அழைத்துப் போகலாம். 2017-இல் மருந்துகளின் குறிப்பில் அந்த எச்சரிக்கையைச் சேர்த்தபோது, மருத்துவ ரீதியாக அவசியமான ஆபரேஷனைத் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ கூடாது என்று அதே அமெரிக்க நிர்வாகம் சொல்லியிருந்ததையும் அவர்தான் காட்டினார். அந்த வரியை என் தேடலில் நான் வாசிக்கவே இல்லை.

இரண்டு வாரத்தில் காதுக் குழாய் வைத்தாயிற்று. வீட்டுக்கு வந்த அன்று தண்ணீர்க் குழாய் கொட்டிய சத்தத்துக்கு அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அதை நான் எழுதி விளக்கப் போவதில்லை.

அந்த மருத்துவர் இன்னொன்றும் கேட்டார்: "அண்ணம் மூடும்போதே காதையும் பார்த்து, அதே மயக்கத்துல குழாய் வைச்சிருக்கலாமே, யாரும் சொல்லலையா?" யாரும் சொல்லவில்லை. அண்ணத்தைப் பார்த்தவர் ஒரு பிரிவு, காதைப் பார்த்தவர் இன்னொரு பிரிவு. இரண்டு ஃபைல். நடுவில் நான் ஒருத்திதான். 11 மாதத்திலேயே காதைச் சோதித்திருந்தால் மூன்றாவது மயக்கமே தேவைப்படாமல் போயிருக்கலாம். பல ஆபரேஷன் வரிசையில் காத்திருக்கும் குழந்தையை மேசைக்குக் கொண்டுவரும் முன், வேறு எந்தப் பிரிவு இதே குழந்தைக்குத் தேதி வைத்திருக்கிறது என்று ஒருவர் கேட்டே ஆக வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். எல்லாப் பிரிவுக் குழந்தைகளும் உங்கள் கைக்குத்தான் வந்து சேர்கிறார்கள். ஸ்கேனுக்காக மட்டும் மயக்கம் கேட்டு வரும் கடிதங்களையும் இப்படியே பாருங்கள். சின்னக் கைக்குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றி, தூங்க வைத்தே எம்ஆர்ஐ எடுத்துவிட முடிகிற நேரங்கள் நிறைய உண்டு என்பது உங்களுக்குத் தெரியும்.

பேசும் நேரத்தைப் பற்றி எனக்கு அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் இரண்டு முறையும் மயக்க மருத்துவரை நான் பார்த்தது ஆபரேஷன் அன்று காலையில். பசியில் வீறிடும் குழந்தை தோளில், பேனா கையில். ஒப்புதல் படிவத்தில் எங்கே கையெழுத்து என்று விரல் காட்டியது, "கவலைப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்றது, அவ்வளவுதான் சந்திப்பு. அன்பாகச் சொன்ன வார்த்தைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை நான் போனில் முதல் பக்கத்தைத் திறக்கும் வரைதான் தாங்கியது. திறந்த பிறகு, இவர்கள் என்னிடம் மறைத்துவிட்டார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டது. இல்லாத ஒரு கள்ளத்தனத்தை உங்கள் மேல் நான் சுமத்தினேன். ஒரு வாரம் முன்பு, குழந்தையின் வயிறு நிறைந்திருக்கும் ஒரு மாலையில், 15 நிமிடம் பேசியிருந்தால் அது நடந்திருக்காது.

அப்படிப் பேசும்போது முழுதாகப் பேசுங்கள். மருந்தே வேண்டாம் என்று யாராவது பெற்றோர் சொன்னால் கோபப்படாமல், 1980-களில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். பச்சிளம் குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது, மயக்க மருந்தைத் தாங்கவும் முடியாது என்று நம்பி, தசையை மட்டும் செயலிழக்கச் செய்துவிட்டு, போதிய வலிநிவாரணம் இல்லாமலே பல இடங்களில் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். 1987-இல் ஆனந்த் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும், குறைமாதக் குழந்தைகளுக்கு ஃபென்டனில் என்ற வலிநிவாரணியைச் சேர்த்துக் கொடுத்தபோது உடல் படும் பாடு வெகுவாகக் குறைந்ததையும் சிக்கல்கள் குறைந்ததையும் காட்டிய பிறகே அந்தப் பழக்கம் மாறத் தொடங்கியது. அந்தக் குழந்தைகளை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. மயக்கம் இல்லாத ஆபரேஷனும் மூளையில் தடம் விடாமல் போகாது. இதை அறிந்த எந்தத் தாயும் மருந்தை எதிரியாகப் பார்க்க மாட்டாள்.

மருந்தைத் தவிர மற்றதையும் சொல்லுங்கள். மயக்கத்தின்போது ரத்த அழுத்தம் நெடுநேரம் தாழ்ந்துபோவது, ஆக்சிஜன் குறைவது, சர்க்கரை இறங்குவது, வேகமாக மூச்சு கொடுத்ததால் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறிக் குறைவது, இவையெல்லாம் சின்ன மூளையை நேரடியாகத் தாக்கக்கூடியவை என்று தெரிந்துகொண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. நான் மருந்தின் பெயரையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் குழந்தையின் பக்கத்தில் யார் உட்கார்ந்து அந்த எண்களைக் கவனிக்கிறார்கள் என்பதே பெரிய கேள்வி. ஐரோப்பாவில் 33 நாடுகளில் 31,000-க்கும் மேற்பட்ட குழந்தை மயக்கங்களைப் பதிவு செய்த அப்ரிகாட் ஆய்வு, 2017-இல், ஏறக்குறைய நூற்றுக்கு 5 முறை கடுமையான சிக்கல் நேர்கிறது என்றது. குழந்தை எவ்வளவு சிறியதோ அவ்வளவு ஆபத்து என்றும், மருத்துவரின் அனுபவம் கூடக்கூட ஆபத்து குறைகிறது என்றும் சொன்னது. "கைக்குழந்தைகளுக்கு நீங்கள் அடிக்கடி மயக்கம் கொடுப்பீர்களா?" என்று ஒரு தாய் கேட்டால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவளால் கேட்க முடிந்த கேள்விகளில் அதைவிடப் பயனுள்ளது வேறு இல்லை.

பட்டினி விஷயமும் அப்படியே. நள்ளிரவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று இன்னும் பல இடங்களில் சொல்லி அனுப்புகிறார்கள். மயக்கத்துக்கு 1 மணி நேரம் முன்பு வரை தண்ணீர் போன்ற தெளிந்த பானம் கொடுக்கலாம் என்று ஐரோப்பியக் குழந்தை மயக்கவியல் சங்கங்கள் 2018-லேயே சொல்லிவிட்டன. உங்கள் இடத்து விதி எதுவோ அதை எங்களுக்குத் தெளிவாக, மணிக்கணக்கோடு எழுதிக் கொடுங்கள்.

இனி, நான் தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். இந்த ஆய்வுகள் எல்லாம் எதை வைத்து எண்ணின? எத்தனை தடவை, எந்த வயதில், எத்தனை நிமிடம். அந்த மூன்று எண்களும் உங்கள் மயக்கப் பதிவேட்டில் இருக்கின்றன. மருந்து தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், அளவு என்று ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் குறித்து வைக்கிறீர்கள். அதிலிருந்து இரண்டு வரியை டிஸ்சார்ஜ் சம்மரியில் எடுத்து எழுத ஒரு நிமிடம் போதும். அடுத்து இந்தக் குழந்தையைப் பார்க்கப் போகும் மயக்க மருத்துவருக்கும் அது வேண்டும். நாளைக்குப் பள்ளியில் ஒரு சிரமம் என்று குழந்தைகள் நல மருத்துவரிடம் போனால் அவருக்கும் வேண்டும். வீட்டை மாற்றி, ஊரை மாற்றிப் போகும் பெற்றோர் கையில் மட்டும்தான் குழந்தையின் முழுக் கதையும் ஒன்றாக இருக்கிறது. அந்தக் கையில் இதைக் கொடுங்கள்.

என் மகளுக்கு அடுத்த ஆண்டு இன்னொரு ஆபரேஷன் இருக்கிறது. மேல் ஈறில் மிச்சமிருக்கும் பிளவில், இடுப்பிலிருந்து எடுத்த எலும்பை வைத்து நிரப்ப வேண்டும், கோரைப் பல் இறங்குவதற்கு முன்னால். 3 வயது தாண்டிவிட்டதால் அந்த எச்சரிக்கையை நினைத்து இப்போது எனக்குப் பயமில்லை. ஆனாலும் ஒரு வாரம் முன்பே வந்து உங்களைப் பார்ப்பேன். இந்தத் தடவை அவளும் கேட்பாள். தனக்குத் தூக்கம் வர வைக்கப் போவது யார், எழுப்பப் போவது யார் என்று இப்போதே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு சின்ன நோட்டு வாங்கி, மயக்கத்துக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். மூன்றாவது வரியில் செவோஃப்ளூரேன், 14 நிமிடம் என்று அந்த மருத்துவரே தன் கையால் எழுதிக் கொடுத்தார். முதல் இரண்டு வரிக்காகப் பழைய கேஸ் ஷீட்டைத் தேடித் தரும்படி எழுதிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு தாய்